எல்லா வளைவும் பாம்பு இல்லை

மலைச்சாலை என்றாலே நம் செய்தியாளர்கள் பேனாவில் ‘பாம்பு போல வளைந்து நெளிந்து’ தானாக வந்து விழுகிறது. சிறுமலைச் சாலைக்கும் அதுதான், கொடைக்கானல் சாலைக்கும் அதுதான், குடகனாற்றுக்கும் அதேதான். திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு ஒருமுறை பேருந்தில் போய்ப் பாருங்கள். 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடித்து, ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கிறார். சன்னலோரம் இருப்பவர் பக்கத்து ஆள்மேல் சாய்கிறார். இதில் நெளிவு எங்கே இருக்கிறது? அந்தச் சாலை மடங்குகிறது, திரும்பி வந்து தன் தலைக்கு மேலேயே ஏறுகிறது.

நெளிவது குடகனாறு. கீழ்ப்பழனி மலையில் பிறந்து, ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்தைக் கடந்து, வேடசந்தூர் வழியாக அமராவதியைத் தேடிப் போகிற ஆறு. சமவெளியில் அதற்கு அவசரமில்லை. மேட்டைக் கண்டால் ஒதுங்கும், பள்ளம் கண்டால் இறங்கும். (தண்ணீர் வரும் நாட்களைத்தான் சொல்கிறேன்; மற்ற நாட்களில் நெளிவது மணல்தான்.) தைப்பூசத்துக்கு ஒட்டன்சத்திரம் வழியே பழனிக்கு நடக்கும் கூட்டமோ சாரை சாரையாகப் போகிறது.

மடங்க, ஒடிய, சுழல, ஒதுங்க, ஊர என்று இத்தனை வினைகள் நம்மிடம் இருக்கின்றன. எழுதுகிறவர்களே, பாம்பைக் கொஞ்ச நாள் புற்றுக்குள் விட்டுவிட்டு, சாலையை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.