‘எங்க வீட்டுல ஒருத்தி மாதிரி’

2018ஆம் ஆண்டின் மெக்சிகோ சினிமா என்றதும் எல்லாரும் ஒரே பெயரைத்தான் சொல்கிறார்கள்: ‘ரோமா’. வெனிஸில் தங்கச் சிங்கம், அடுத்த ஆண்டு மூன்று ஆஸ்கர். நானும் அழுதவன்தான். நீச்சல் தெரியாத கிளியோ கடலுக்குள் இறங்கி முதலாளி வீட்டுப் பிள்ளைகளை இழுத்து வரும் காட்சியில் தேம்பியவன். ஆனால் அதை ‘பணிப்பெண்ணின் காவியம்’ என்று ஆளாளுக்கு எழுதும்போது எரிச்சல் வருகிறது. அது பணிப்பெண்ணின் கதை இல்லை சார். பணிப்பெண்ணை நேசித்த முதலாளி வீட்டுப் பையனின் கதை.

அல்போன்சோ குவாரோன் இதை மறைக்கவில்லை. தன்னை வளர்த்த லிபோவுக்குத்தான் படத்தைச் சமர்ப்பித்திருக்கிறார். மறைப்பது நாம்தான்.

அந்தக் கடற்கரையை மறுபடி பாருங்கள். அவ்வளவு நேரம் வாயே திறக்காத கிளியோ அங்கேதான் உடைகிறாள். இறந்தே பிறந்த தன் குழந்தை பிறக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன் என்கிறாள். படத்தில் அவளுக்கே அவளுக்கென்று இருக்கும் வாக்கியம் அது ஒன்றுதான். அதற்கு அந்தக் குடும்பம் தரும் பதில், ‘உன்மேல எங்களுக்கு ரொம்பப் பிரியம்’. துக்கத்தைச் சொன்னவளுக்குப் பாசத்தைக் கொடுத்து வாயை அடைக்கிறார்கள். வீடு திரும்பியதும் பிள்ளைகளுக்கு வாழைப்பழ மில்க்‌ஷேக் வேண்டும். கிளியோ துணி மூட்டையோடு மாடிப்படி ஏறுகிறாள்.

‘அதைத்தானே அவர் விமர்சனமா வைக்கிறார்?’ என்று கேட்பீர்கள். வைக்கிறார்தான். எல்லாரும் டிவி பார்க்கும்போது பையன் அவளை அணைத்துக்கொள்கிறான், அந்த நேரம் பார்த்து அம்மா டீ கொண்டுவரச் சொல்கிறாள். குவாரோனுக்கு எல்லாம் தெரியும். ஆனால் அந்தக் கறுப்பு வெள்ளை அழகு எல்லாவற்றையும் மன்னித்துவிடுகிறது. நாமும் கூடவே மன்னிக்கப்பட்டு, லேசான மனதோடு எழுந்து போகிறோம்.

அதே 2018இல் டொரொண்டோ விழாவில் இன்னும் இரண்டு மெக்சிகோ படங்கள் வந்தன. ‘லாஸ் நினியாஸ் பியென்’ 1982 பெசோ வீழ்ச்சியில் சரியும் பணக்கார வீட்டு அம்மாவின் கண் வழியாக நகர்கிறது. லீலா அவிலேஸின் முதல் படமான ‘லா கமரீஸ்தா’ வேலை செய்பவளின் பக்கம் நிற்கிறது. மெக்சிகோ சிட்டியின் சொகுசு ஹோட்டல் ஒன்றில் அறை சுத்தம் செய்யும் ஈவ். ஏறக்குறைய முழுப் படமும் அந்தக் கட்டடத்துக்குள்தான். அவள் மகனை நாம் பார்ப்பதே இல்லை, ஃபோனில்தான் விசாரிக்கிறாள். பிள்ளையை எங்கோ விட்டுவிட்டு வந்தவளிடம், குளித்துவிட்டு வரும்வரை தன் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாள் விருந்தாளி ஒருத்தி.

ஈவுக்கு ஆசைகள் இருக்கின்றன. யாரோ விட்டுப்போன சிவப்பு கவுன் ஒன்று. உரியவர் கேட்டு வராவிட்டால் அவளுக்குக் கிடைக்கும். விடாமல் விசாரித்துக்கொண்டே இருக்கிறாள். 42ஆவது மாடிக்குப் பொறுப்பாக வேண்டும் என்ற கனவு வேறு. அவளுக்காகக் கடலில் இறங்குபவரும் இல்லை, அவள் யாருக்காகவும் இறங்கவும் வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு ஆஸ்கருக்கு மெக்சிகோ அனுப்பியது இந்தப் படத்தைத்தான். நாமினேஷன் கிடைக்கவில்லை. அதனாலேயே நம் பட்டியல்களிலும் இல்லை. அகாதமி விரல் நீட்டும் திசையில் மட்டும் பார்ப்பதற்குப் பெயர் ரசனையா?

2018 டிசம்பரில், ‘ரோமா’ நெட்ஃபிளிக்ஸுக்கு வந்த அதே மாதம், வீட்டுப் பணியாளர்களைக் கட்டாயச் சமூகப் பாதுகாப்பிலிருந்து விலக்கிவைப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று மெக்சிகோ உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்த வேலையில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிய பேச்சை ‘ரோமா’ பெரிதாக்கியது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் தீர்ப்பு பேசியது பாசத்தைப் பற்றி அல்ல, உரிமையைப் பற்றி. பாசத்தை முதலாளி நினைத்தால் கொடுப்பார், நினைத்தால் நிறுத்துவார். உரிமை அப்படியில்லை.

‘எங்க வீட்டுல ஒருத்தி மாதிரி’ என்று நாமும் சொல்லிப் பழகியவர்கள்தான். அதனால்தான் ‘ரோமா’ நமக்கு இவ்வளவு இனிக்கிறது. ஈவுக்குச் சிவப்பு பிடிக்கும். கிளியோவுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று படம் முடிந்தும் எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் பன்னிரண்டு வருஷம் பாத்திரம் தேய்த்த அக்காவுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்பதும் தெரியாது. கேட்டதே இல்லை.