விற்கப்படும் கடன்கள்: அறியாதிருப்பவர் கடனாளியே

அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டில் 140 வங்கிகளும் 2010இல் 157 வங்கிகளும் மூடப்பட்டன. அந்நாட்டு வங்கிகள் காலாண்டுதோறும் அரசுக்குச் சமர்ப்பிக்கும் நிதியறிக்கைகளை எவரும் பார்வையிடலாம். எனினும் அவற்றை ஊன்றிப் படிப்போர் வைப்பாளர்கள் அல்லர். அறவிட முடியாக் கடன்களை மலிவாக வாங்க விழையும் முதலீட்டாளர்களே.

அறவிட முடியாக் கடன்களையும் வங்கி கையேற்ற சொத்துக்களையும் கூட்டி, அதனை மூலதனமும் இழப்பு ஒதுக்கமும் சேர்ந்த தொகையால் அவர்கள் வகுக்கின்றனர். 1980களில் டெக்சாஸ் மாநில வங்கிகள் சரிந்த அனுபவத்தால் 'டெக்சாஸ் விகிதம்' எனப் பெயர்பெற்ற இது நூறு வீதத்தைத் தாண்டினால் வங்கி தத்தளிக்கின்றது என்பது பொருள். அத்தகைய வங்கி விற்றேயாக வேண்டும் என எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. நூறு டொலர் கடனை ஐம்பதுக்கு விற்றால், ஒதுக்கம் போதாதவிடத்து எஞ்சிய இழப்பு மூலதனத்தையே அரிக்கும். மிக நலிந்த வங்கியால் விற்கவும் இயலாது. ஆகவே கடன் சுமை மிகுந்தும் போதிய ஒதுக்கம் செய்துள்ள வங்கிகளையே கொள்வனவாளர் தேடுகின்றனர்.

இத்தேடலில் கடனாளிக்கு இடமில்லை. வீட்டுக் கடன் கைமாறி 30 நாட்களுக்குள் புதிய உரிமையாளர் அவருக்கு அறிவிக்கவேண்டும் என 2009ஆம் ஆண்டுச் சட்டமொன்று விதித்தது. அதுவும் விற்பனைக்குப் பின்னரே. ஐம்பது டொலருக்கு அந்நியரிடம் விற்கத் துணியும் வங்கி, ஐம்பத்தைந்துக்குத் தீர்க்க முடியுமா எனக் கடனாளியிடம் முதலில் கேட்பதால் அதற்கு என்ன நட்டம்?