ஹவுஸ் சர்ஜன்களும் ஓய்வும்

வைத்தியக் கல்லூரியில் நாலரை வருஷம் வாசித்துப் பரீட்சையில் தேறிய மாணவர்கள் உடனே டாக்டர்களாகி விடுவதில்லை. 12 மாத காலம் ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜன்களாக இருந்து, வார்டு வார்டாக மாறி மாறிப் பயின்ற பின்னரே, சுயேச்சையாகத் தொழில் நடத்தும் உரிமை அவர்களுக்குக் கிடைக்கிறது. புஸ்தகத்தில் கண்டதை நோயாளியின் கட்டிலருகில் நின்று கைப்பழக்கமாக்கிக் கொள்வதற்கென்று ஏற்பட்ட வருஷம் அது. அவ்வருஷம் இப்பொழுது எவ்விதம் கழிகிறது என்பதைப் பற்றி அதிகாரிகளும் பொது ஜனங்களும் சிறிது சிந்திக்க வேண்டுமென்று விரும்புகிறோம்.

ஒரு ஹவுஸ் சர்ஜனுடைய நாளை மூன்று கடன்காரர்கள் பங்கு கேட்கிறார்கள். முதலாவது, வார்டு வேலை. இரண்டாவது, மேற்படிப்புக்கான பரீட்சை. மூன்றாவது, அவருடைய சரீரம். முதல் இருவரும் அதட்டிக் கேட்பவர்கள். மூன்றாமவரோ வாய் திறவாமல் பொறுத்திருந்து, பிறகு வட்டியும் முதலுமாக ஒரேயடியாய் வசூலிப்பவர்.

வேலையைப் பற்றி முதலில் சொல்வோம். இரத்தம் எடுப்பதும், புண்ணுக்குக் கட்டுக் கட்டுவதும், கேஸ் ஷீட் எழுதுவதும் ஹவுஸ் சர்ஜன் கற்க வேண்டியவையே. அவற்றை இழிவென்று ஒதுக்கலாகாது. ஆனால் இரத்தக் குப்பிகளை ஏந்திக்கொண்டு லேபரட்டரிக்கு ஓடுவதும், ஸ்கேன் முடிவுக்காகக் காத்து நிற்பதும், ஆளில்லாத குறைக்கு ஸ்ட்ரெச்சரைத் தள்ளுவதும் வைத்திய சாஸ்திரத்தின் எந்த அத்தியாயத்தைச் சேர்ந்தவையோ நாம் அறியோம். சிப்பந்திகளை நியமியாத குறையை மாணவர்களைக் கொண்டு நிரப்புவது பயிற்சியாகாது. இப்படிப் பகலெல்லாம் உழைத்தவர்களே இராத்திரி டியூட்டியும் பார்த்துவிட்டு, மறுநாட் காலை பெரிய டாக்டர் வரும்போது கண் சிவந்து மறுபடியும் வார்டில் நிற்கிறார்கள்.

தொழிற்சாலையில் வேலை பழகும் அப்ரண்டிஸுகளுக்கு 1961-ம் வருஷத்துச் சட்டம் ஒரு காவல் அமைத்திருக்கிறது. உரிய அதிகாரியின் அநுமதியின்றி அவர்களிடம் ஓவர்டைம் வேலை வாங்கக் கூடாது. பயிற்சியின் பொருட்டோ பொது நன்மையின் பொருட்டோ அது அவசியமென்று திருப்தியடைந்தாலன்றி அவ்வதிகாரி அநுமதி தரவும் கூடாது. இரும்பைக் கையாளப் பழகுகிறவர்களுக்கு உள்ள காவல், உயிரைக் கையாளப் பழகுகிறவர்களுக்கு வேண்டாமா?

இது மாணவர்களுடைய சௌகரியம் மட்டுமன்று. நோயாளியின் க்ஷேமமும் இதில் அடங்கியிருக்கிறது. 1984-ல் நியூயார்க் நகரில் லிபி ஸியான் என்னும் 18 வயதுப் பெண், ஆஸ்பத்திரியில் சேர்ந்த சில மணி நேரத்துக்குள் மரணமடைந்தாள். அன்றிரவு அவளைக் கவனித்தவர்கள் பயிற்சியிலிருந்த இளம் டாக்டர்களே. அதன் மேல் எழுந்த கிளர்ச்சியின் பயனாக, 1989-ல் அந்த ராஜ்யத்தில், பயிற்சி டாக்டர்கள் வாரத்துக்கு 80 மணிக்கும், தொடர்ச்சியாய் 24 மணிக்கும் மேல் வேலை செய்யலாகாதென்று விதி ஏற்பட்டது. 2004-ல் பாஸ்டன் நகரத்து ஆராய்ச்சி ஒன்றில், நீண்ட டியூட்டி முறையில் வேலை செய்த பயிற்சி டாக்டர்கள், குறைந்த நேர முறையில் வேலை செய்தவர்களைவிட நூற்றுக்கு 36 வீதம் அதிகமான பெருந்தவறுகள் செய்ததாகத் தெரிய வந்தது.

“நாங்களும் இப்படித்தான் கண் விழித்துக் கற்றோம்” என்று பெரியோர்கள் கூறுவார்கள். வாஸ்தவமே, அவர்கள் கற்றது கண் விழித்ததாலா, கண் விழித்தும் கற்றார்களா என்பதே கேள்வி. டியூட்டி மாறும்போது நோயாளியைப் பற்றிய விவரம் கைதவறிப் போகும் என்பது மற்றோர் ஆட்சேபம். இதில் நியாயமுண்டு. ஆனால் விவரங்களை ஒழுங்காக எழுதி ஒப்படைப்பதே அதற்குப் பரிகாரம். ஒருவரையே உறங்காமல் நிறுத்தி வைப்பதன்று.

இனி, படிப்பு. மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. பரீட்சை, மூன்றரை மணி நேரத்தில் 200 கேள்விகளுக்கு விடையைத் தேர்ந்தெடுப்பதாக நடத்தப்பட்டு வந்திருக்கிறது. நாடி பார்த்துப் பழகிய விரலுக்கும், கலங்கிய தாயைத் தேற்றிய வாய்க்கும் அதில் மார்க்கு இல்லை. ஆதலால் சில மாணவர்கள் வார்டில் கையெழுத்தை மாத்திரம் போட்டுவிட்டுப் புஸ்தகத்தோடு ஒதுங்குகிறார்கள். அவர் விட்டுப் போன வேலை பக்கத்து நண்பரின் தலையில் விழுகிறது. இதை நாம் ஒருகாலும் ஆதரிக்க மாட்டோம். நோயாளியின் கட்டிலைவிடச் சிறந்த பாடசாலை வைத்தியனுக்கு வேறில்லை. ஆயினும், பயிற்சியையும் போட்டிப் பரீட்சையையும் ஒரே வருஷத்தில் பூட்டியவர்கள் மாணவர்கள் அல்லர். 2023-ல் வகுக்கப்பட்ட விதிகள், எழுத்துப் பரீட்சையை ஹவுஸ் சர்ஜன் வருஷத்துக்கு முன்னும், செய்முறைப் பரீட்சையை அதன் பின்னும் வைத்தன. அவ்வருஷம் ஜூலையிலேயே அது ஒத்திவைக்கப்பட்டது. அப்புதிய பரீட்சையைப் பற்றி மாணவரிடையே எழுந்த ஆட்சேபங்களை நாம் அறிவோம். ஆனாலும் அந்த வரிசைக்கிரமம் நியாயமானதென்பதே நமது அபிப்பிராயம்.

ஓய்வென்றால் சோம்பலென்று நினைப்பது நம்மவருக்குள் ஊறிய தவறு. ஆறு மணி நேர நித்திரை, தாய் தகப்பனோடு சற்றுப் பேச்சு, மாலையில் ஓர் ஆட்டம்: இவற்றை இழந்த இளைஞரிடம் நோயாளி எதிர்பார்க்கும் இன்சொல் எங்கிருந்து பிறக்கும்?

1992-லேயே மத்திய சர்க்கார், ரெஸிடெண்ட் டாக்டர்களின் தொடர்ச்சியான வேலை சாதாரணமாக நாளொன்றுக்கு 12 மணிக்கு மேற்படலாகாதென்று உத்தரவிட்டார்கள். 2024-ல் தேசிய வைத்தியக் கமிஷன் நியமித்த குழு, வாரத்துக்கு 74 மணியே வரம்பென்றும், வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டுமென்றும் சிபார்சு செய்தது. உத்தரவுக்கும் சிபார்சுக்கும் குறைவில்லை, நிறைவேற்றத்துக்கே குறைவு. ஒவ்வொரு கல்லூரியும் ஹவுஸ் சர்ஜன்களின் டியூட்டிப் பட்டியலை எல்லோரும் காண ஒட்ட வேண்டும். இராத்திரி டியூட்டிக்கு மறுநாள் விடுமுறை தர வேண்டும். சிப்பந்தி வேலைக்குச் சிப்பந்திகளை வைக்க வேண்டும். இம்மூன்றுக்கும் புதிய சட்டம் தேவையில்லை, மனமிருந்தால் போதும். நாளை நம் வீட்டுக் குழந்தைக்கு ஜுரம் கண்டால், நடுநிசியில் நாம் தட்டப் போவது இவர்களுடைய கதவைத்தான் என்பதை அதிகாரிகள் மறவாதிருப்பார்களாக.