பாராட்டு கூலியாகாது

கைத்தறிச் சேலையை நல்ல விலை கொடுத்து வாங்கினால் அந்தப் பணம் நெய்தவர் வீட்டுக்குப் போய்ச் சேரும் என்பதும், கைவினைஞரின் மரபைப் போற்றுவதே அவருக்குச் செய்யும் நீதி என்பதும் இன்று படித்தவர்களிடையே யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கைகளாகிவிட்டன. நெறிசார் ஆடை நாகரிகம் எனப்படும் போக்கு, அதாவது உழைப்பாளரையும் இயற்கையையும் சுரண்டாமல் உருவான துணியையே உடுத்த வேண்டும் என்னும் கொள்கை, இந்த நம்பிக்கைகளின் மேல்தான் தன் விளம்பரங்களை அமைத்துக்கொள்கிறது. கொள்கை உயர்ந்ததுதான், ஆனால் காஞ்சிபுரத்துப் பட்டுத்தறியில் கூலி எவ்வாறு முடிவாகிறது என்பதைப் பார்த்தால், இந்த நம்பிக்கைகள் தவறானவை என்பதோடு நெசவாளருக்குத் தீங்கிழைப்பவையும் ஆகும் என்பது விளங்கும்.

காஞ்சிபுரத்து நெசவாளரில் பெரும்பாலோர் தாம் நெய்யும் பட்டுக்கு உரிமையாளர் அல்லர். கர்நாடகத்திலிருந்து வரும் பட்டுநூலையும் சூரத்திலிருந்து வரும் சரிகையையும் முதலாளியிடமோ கூட்டுறவுச் சங்கத்திடமோ பெற்று, சேலைக்கு இவ்வளவு என்று பேசிய கூலிக்கு அவர்கள் நெய்து கொடுக்கிறார்கள். பாவு, அதாவது நீளவாக்கில் தறியில் ஏற்றப்படும் இழைத்தொகுதி, நெசவாளர் கைக்கு வரும்போதே கூலி முடிவாகிவிடுகிறது. கடையில் விலைச்சீட்டு ஒட்டப்படுவதோ சேலை தறியிலிருந்து அறுபட்ட பிறகுதான். ஆகவே வாங்குபவர் மனமுவந்து கொடுக்கும் கூடுதல் தொகை பின்னோக்கிப் பயணம் செய்து தறிக்குழியை அடைவதற்கு எந்த வழியும் இல்லை. 2019–20இல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே ஈட்டுவதாகப் பதிவு செய்தது. கைத்தறியின் புகழ் உச்சத்தில் இருந்த காலத்துக் கணக்கு அது.

எல்லோரும் வியக்கும் கோர்வை நெசவையே எடுத்துக்கொள்ளலாம். சேலையின் உடலும் இருபுறக் கரைகளும் வெவ்வேறு நிறத்தில் இருக்க, ஊடை எனப்படும் குறுக்கிழையைத் தாங்கி ஓடும் நாடாக்கள் மூன்று தேவைப்படுகின்றன. ஒவ்வோர் இழைக்கும் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்ப வேண்டும். நெசவாளர் ஒருவரால் இதைச் செய்ய இயலாது என்பதால், ஒரு கரையோரம் இன்னொருவர் அமர்ந்து நாடாவைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார். அந்த இரண்டாம் ஆளின் பெயர் எந்த விளம்பரத்திலும் வருவதில்லை. அவருக்குரிய ஊதியம் நெசவாளர் கூலியிலிருந்தே போகிறது. மனைவியோ தாயோ அந்த இடத்தில் அமர்ந்தால் ஊதியமே இல்லை. நீண்ட காலம் அந்த இடத்தில் குழந்தைகள் அமர்ந்திருந்தார்கள் என்பதையும், பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக அவர்களில் பலர் கட்டுண்டு கிடந்தார்கள் என்பதையும் மரபைப் போற்றும் எழுத்துகள் பெரும்பாலும் சொல்வதே இல்லை. குழந்தைகள் பள்ளிக்குச் சென்றபோது கோர்வைத் தறிகள் குறைந்தன. அதைக் கலையின் இழப்பு என்று மட்டும் புலம்புவது, வளர்ந்த ஓர் ஆளுக்குக் கூலி கொடுக்க அந்தத் தொழில் மறுத்தது என்ற உண்மையை மறைத்துவிடுகிறது.

புவிசார் குறியீடு நெசவாளரைக் காக்கும் என்பதும் அதே வகை மயக்கமே. ஒரு பொருள் குறிப்பிட்ட ஊருக்கும் முறைக்கும் உரியது என்று சட்டம் வழங்கும் அந்தச் சான்று, காஞ்சிபுரம் பட்டுக்குக் கிடைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. சரக்கின் பெயரைப் பாதுகாக்கும் அச்சான்றில் கூலியைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. மழைக்காலத்தில் குழித்தறியில் ஈரம் ஏறிப் பாவு இழைகள் ஒட்டிக்கொண்டு வேலை நின்றுபோகும் நாட்களுக்கு என்ன வருமானம் என்ற கேள்விக்கு அதனிடம் விடை இல்லை.

எல்லாவற்றிலும் கொடியது, நெசவாளரின் பிள்ளைகள் தறியை விட்டுப் போவதைப் பண்பாட்டுத் துரோகம் போலப் பேசும் வழக்கம். தன் மகளை மருத்துவராக்க விரும்புபவர், அடுத்தவர் மகள் பரம்பரைத் தொழிலில் தங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்குப் பெயர் மரபுப் பற்று அன்று. பிறப்பால் தொழிலை விதிக்கும் பழைய சாதி ஏற்பாடே அது.

வாங்குவோர் இல்லாவிட்டால் தறியே நின்றுவிடும் என்பது இதுவரை சொன்னவற்றுக்கு வலிமையான மறுப்பு. அதில் உண்மையும் உண்டு. ஆயினும் சந்தை வேண்டும் என்பதாலேயே சந்தை போதும் என்றாகிவிடாது; சட்டமும் அரசும் துணை நிற்க வேண்டும். சேலை உள்ளிட்ட 11 வகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1993இல் செல்லுபடியாகும் என்று உறுதி செய்தது. அப்படியிருந்தும் விசைத்தறித் துணி கைத்தறி என்ற பெயரில் தடையின்றி விற்கப்படுகிறது. ஆகஸ்டு 7ஆம் நாளைத் தேசியக் கைத்தறி நாளாக 2015 முதல் கொண்டாடும் அரசு, அகில இந்தியக் கைத்தறி வாரியத்தை 2020 ஜூலையில், அவ்வாண்டு விழாவுக்குச் சில நாட்களே இருக்கும்போது கலைத்தது. இவற்றை எதிர்த்து எழாத குரல் நெறி பேசத் தகுதியற்றது. நெறிசார் ஆடை என்று விற்கும் கடைகள், நெய்தவரின் படத்துக்குப் பதிலாக அந்தச் சேலைக்கு நெசவாளருக்கும் துணை ஆளுக்கும் பாவு இழைகளைப் பிணைத்தவருக்கும் கொடுக்கப்பட்ட கூலியையும், நெய்ய எடுத்த நாட்களையும் விலைச்சீட்டில் அச்சிட வேண்டும். அச்சிட மறுக்கும் கடையிடம் காரணம் கேட்பது வாங்குபவரின் உரிமை.