பாட்டியிடம் ஒரு சொல்



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு கம்போங் குவாந்தானில் சம்பான் ஏறினேன். கோல சிலாங்கூர் பக்கத்துக்காரர்களுக்கு மின்மினி பார்ப்பது பெரிய சேதி இல்லை. வெளியூர் விருந்தாளி வந்தால்தான் நாமும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்போம். இந்த முறை என்னை அழைத்துப் போனவர் நம் இதழின் வாசகி ஒருவர். புக்கிட் ரோத்தான் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் வீடு. கூட அவருடைய மாமியார், ஒன்பது வயது மகன். பையனுக்கு ஆட்டிசம்.

சம்பானில் நான்கு பேர்தான். இன்ஜின் கிடையாது, துடுப்புதான். கிளம்புமுன் படகுக்காரர் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்: சத்தம் போடாதீர்கள், டார்ச் அடிக்காதீர்கள், கேமரா பிளாஷ் வேண்டாம். வாசகி என் காதருகே குனிந்து சிரித்தார். "தினம் நான் எல்லார்கிட்டயும் கேக்கிறது இதைத்தாங்க்கா. இங்க மட்டும்தான் காசு கட்டிட்டு வந்து கேக்கிறாங்க."

அவருடைய காலை ஐந்து மணிக்குத் தொடங்குகிறது. சட்னி முந்தின இரவே, மகன் குளியலறையில் இருக்கும்போது அரைத்தாகிவிடும். மிக்ஸி சத்தம் கேட்டால் அவன் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடுவான். குக்கரைப் பரண்மேல் ஏற்றி நாலு வருஷமாகிறது. புதுச் சட்டை வாங்கினால் முதல் வேலை, கழுத்துப் பட்டையில் உள்ள துணி லேபிளைப் பிளேடால் பிரித்தெடுப்பது. நாசி லெமாக்கில் சம்பல் முட்டையைத் தொட்டுவிட்டால் அன்றைக்குப் பசியாறல் கிடையாது. கல்யாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். ஒரு கல்யாணத்தில் கெட்டிமேளம் ஒலித்தபோது பையன் மண்டபத்தை விட்டு ஓடினான். பின்னாலேயே ஓடியவர் காதில் விழுந்தது, "வளர்ப்பு சரியில்ல" என்ற சொல்.

பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். "உங்கள் காலத்தில் இப்படிப் பிள்ளைகள் இல்லையா?" என்று கேட்டேன். "ஏன் இல்ல? ஆயாக் கொட்டகையில ஒண்ணு கிடக்கும், லயத்து வாசல்ல ஒண்ணு உக்காந்திருக்கும். யாரு வீட்ல சோறு ஆக்குனாலும் ஒரு தட்டு போவும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "ஆனா பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. ஊமையன்னுதான் கூப்பிடுவோம்." பழைய தோட்ட வாழ்க்கையை நினைத்து உருகுகிறவர்களில் நானும் ஒருத்தி. அந்த இரண்டாவது வாக்கியம் எனக்கு வேண்டியிருந்தது.

இன்றைக்குப் பெயர்கள் வேறு. ஓ.கே.யு. கார்டு, பி.டி.கே., ஓ.டி. (செயல்வழிச் சிகிச்சை) என்று எல்லாம் எழுத்துகள். மாற்றுத் திறனாளிகளுக்கான சட்டம் நம் நாட்டில் 2008-இல் வந்தது. அதன்படி மாற்றுத் திறனாளியாகப் பதிந்து ஓ.கே.யு. கார்டு எடுப்பது கட்டாயமில்லை. பெற்றோர் விரும்பினால் செய்யலாம். விண்ணப்பத்தில் மருத்துவர் எழுதித் தர வேண்டும், சமூக நல இலாகாவில் கொடுக்க வேண்டும். இவர் வீட்டில் அந்தப் பாரம் சாமி மேடையில், காலண்டருக்குப் பின்னால் இரண்டு வருஷம் கிடந்தது. "கார்டு எடுத்தா முத்திரை குத்துன மாதிரி" என்று மாமியார் சொன்னார். மகளுக்கு நாளைக்கு வரன் பார்க்கும்போது என்ன சொல்வது என்று கணவர் யோசித்தார். அந்த மகளுக்கு அப்போது நாலு வயது!

பிறகு கார்டு வந்தது. பி.டி.கே. எனும் சமூக மறுவாழ்வு மையத்துக்குக் கொஞ்ச நாள் போனான். 1984-இல் திரெங்கானுவின் பத்து ராகிட்டில் தொடங்கிய திட்டம் அது. இப்போது நாடு முழுக்க 500 மையங்களுக்கு மேல். சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்பது 2019 முதல் கல்வி அமைச்சின் கொள்கை. அதனால் பள்ளியிலும் இடம் கிடைத்தது. மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகையும் உண்டு. பாரத்தைக் காலண்டருக்குப் பின்னாலேயே வைத்திருக்கும் வீடுகள் இன்னும் எத்தனையோ. தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

ஆனால் இந்தப் பக்கத்தை நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக.

எல்லாத் தமிழ்ப்பள்ளிகளிலும் சிறப்புக் கல்வி வகுப்பு இல்லை. இவன் போவது தேசியப் பள்ளிக்கு, அங்கே மலாய். பேச்சுப் பயிற்சி கொடுத்த ஒருவர், "வீட்டில் தமிழை நிறுத்துங்கள், ஒரே மொழியாக இருந்தால் சீக்கிரம் பேசுவான்" என்று சொல்லிவிட்டார். பயந்துபோன தாய், அப்படியே செய்தார். ஆறு மாதம். பாட்டிக்குச் சந்தை மலாய் வரும், கொஞ்சுவதற்கு வராது. அவர் பேசுவதையே விட்டுவிட்டார். தலைக்கு எண்ணெய் வைக்கும்போதுகூட வாய் திறக்கவில்லை. "பேசாத புள்ளைய வெச்சிருந்தேன். வீடே பேசாம போச்சுக்கா" என்றார் வாசகி.

இந்த அறிவுரை நல்லெண்ணத்தில் சொல்லப்படுவதுதான். ஆனால் தவறு. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பேச்சு மேலும் தாமதமாவதில்லை என்று பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அரைமணி நேரச் சிகிச்சை எப்போதோ ஒருநாள். மற்ற நேரமெல்லாம் பிள்ளையோடு இருப்பது வீடு. அந்த வீட்டுக்கு வருகிற மொழியைப் பறித்துவிட்டு அவனை யாரிடம் பேசச் சொல்கிறோம்? ஒரு தமிழ் இதழின் ஆசிரியர் வேறு என்ன சொல்வார் என்று நினைக்கலாம். மொழிப்பற்று இருக்கட்டும், இங்கே கவலை எண்ணெய் வைக்கும் அந்தக் கையைப் பற்றியது.

அவர்கள் வீட்டில் மறுபடியும் தமிழ் வந்துவிட்டது.

ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்கள் வந்தன. இலைகளில் ஆண் மின்மினிகள் விநாடிக்கு மூன்று முறை போல, சேர்ந்தாற்போல் அணைந்து எரிந்தன. பையன் அசையவில்லை. விரல்கள் மட்டும் தொடையில் அதே கணக்கில் தட்டிக்கொண்டிருந்தன. பக்கத்துச் சம்பானிலிருந்து யாரோ திரும்பிப் பார்த்தார்கள். இருட்டில் யார் பார்த்தால் என்ன.

திரும்பும் வழியில் அவனுக்குத் தாகம். எதிரில் இருந்த படகுக்காரரைப் பார்த்து, "ஆயர்" என்றான். அவர் துடுப்பை நிறுத்தினார். அதற்குள் அவன் திரும்பிப் பாட்டியின் முந்தானையை இழுத்து, "தண்ணி" என்றான். பாட்டி போத்தலைத் திறந்து மூடியில் ஊற்றிக் கொடுத்தார். பாதியைக் குடித்துவிட்டு, மீதியை மிகுந்த கவனத்தோடு ஆற்றில் ஊற்றினான்.

அன்புடன்,
ஆசிரியர்