டிவியில் பார்த்த செட்டிநாட்டு வீட்டில் ரூம் போடலாமா?

இப்பல்லாம் லீவுக்கு எங்க போறதுங்கறதை வீட்டுல யாரும் முடிவு பண்றதில்லை. டிவிதான் பண்ணுது. ஏதோ ஒரு ட்ராவல் சேனல்ல யாராவது ஒருத்தர் தொப்பி போட்டுக்கிட்டு, பெரிய தேக்குக் கதவைத் தள்ளித் திறந்து உள்ளே போவார். கேமரா அப்படியே மேலே போய் முற்றத்தைச் சுத்தி நிக்கிற தூண்களைக் காட்டும். பின்னாடி வீணை. அடுத்த சீன்ல வாழை இலையும் பதினஞ்சு ஐட்டமும். அவ்வளவுதான். "ஏங்க, காரைக்குடி இங்கதானே இருக்கு, இதுக்குப் போய் ஊட்டில கூட்டத்துல நிக்கணுமா?"ன்னு வீட்டம்மா கேட்டாச்சுன்னா ப்ளான் ரெடி.

எங்க வீட்டுல மட்டும் இல்லை, உலகமே இப்படித்தான். தி ஒயிட் லோட்டஸ்னு ஒரு அமெரிக்க சீரியல். ஒவ்வொரு சீசனும் ஒரு ஆடம்பர ஹோட்டல்ல நடக்கும். 2021ல ஹவாய் மாவி, 2022ல சிசிலியோட தாவோர்மினா, 2025ல தாய்லாந்தின் கோ சமூய். சீரியல் வந்த கையோட ஜனங்க அந்தந்த ஹோட்டலைத் தேடிப் போய் ரூம் போட ஆரம்பிச்சாங்க. இதுல வேடிக்கை என்னன்னா, டிவியில ஒரே ஹோட்டலாத் தெரியறது நிஜத்துல ஒரே ஹோட்டல் இல்லை. தாவோர்மினா ஹோட்டல் இருக்கறது மலை மேல. சீரியல்ல அதோட பீச் மாதிரி வர்றது எங்கேயோ தள்ளி இருக்கற செஃபாலுங்கற ஊர்ல எடுத்தது. தாய்லாந்து சீசன்லயும் ரெண்டு மூணு ரிசார்ட்டை ஒட்டுப் போட்டு ஒண்ணாக் காட்டினாங்க.

நம்ம பக்கத்துலயும் உதாரணம் இருக்கு. 1986ல தூர்தர்ஷன்ல வந்த மால்குடி டேஸ் ஞாபகம் இருக்கா? ஷங்கர் நாக் அதை எடுத்தது கர்நாடகாவுல ஆகும்பேங்கற மழைக்காட்டு ஊர்ல. ஆர்.கே. நாராயணனோட மால்குடியே கற்பனை ஊர். ஆனாலும் அந்த சீரியல்ல வந்த தொட்ட மனைங்கற வீட்டைத் தேடி இத்தனை வருஷம் கழிச்சும் ஆட்கள் போய்த் தங்கிட்டு வர்றாங்க. இல்லாத ஊருக்கு வழி கேட்டுப் போறதுன்னா இதுதான் :-)

சரி, மேட்டருக்கு வருவோம். டிவி பாத்து செட்டிநாட்டுல ரூம் போடறதைப் பத்தி நம்மாட்கள் நிறைய பேருக்கு ஒரு இளக்காரம் இருக்கு. "பணக்காரன் விளையாட்டு", "கலாச்சாரத்தைக் காசாக்கறாங்க", "செட்டியார் வீட்டுக்குள்ள ஸ்விம்மிங் பூல் எதுக்கு?" என் கட்சி நேர் எதிர். டிவி பாத்துட்டுப் போற கூட்டம்தான் இன்னைக்கு அந்த வீடுகளுக்குக் கிடைச்சிருக்கற நல்ல கஸ்டமர். ஏன்னு சொல்றேன்.

முதல்ல அந்த வீடு என்னன்னு பாக்கணும். கானாடுகாத்தான், கோத்தமங்கலம், ஆத்தங்குடி, தேவகோட்டைன்னு சிவகங்கை, புதுக்கோட்டை ரெண்டு மாவட்டத்துலயும் பரவியிருக்கற எழுபத்து சொச்சம் ஊர்கள்தான் செட்டிநாடு. பர்மா, இலங்கை, மலாயான்னு போய் வட்டித் தொழில் பண்ணி சம்பாதிச்ச நகரத்தார், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில இருந்து 1930கள் வரைக்கும் கட்டித் தள்ளின வீடுகள் இவை. முன்வாசல் ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல. நடுவுல முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படின்னு ரயில் பெட்டி மாதிரி ஒண்ணு பின்னாடி ஒண்ணு.

டிவி காட்டாத விஷயம் ஒண்ணு உண்டு. இது படுத்துத் தூங்கறதுக்காகக் கட்டின வீடே இல்லை. கல்யாணம், சாந்தி, படைப்புன்னு நூத்துக்கணக்கான பேர் கூடறதுக்காகக் கட்டினது. வளவைச் சுத்தி இருக்கற அறைகள் சின்னச் சின்னதா இருக்கும். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு அறை. அதுல மருமகள் கொண்டு வந்த சீர் சாமான், பாத்திரம், பண்டம் இருக்கும். ஆட்கள் படுக்கறது பெரும்பாலும் வெளியே தாழ்வாரத்துல. கல்யாணமான மகனை 'வேறு வைக்கிறது'ன்னு ஒரு வழக்கம் உண்டு. ஒரே கூரைக்குக் கீழேயே தனி அடுப்பு, தனிக் கணக்கு. கூட்டுக் குடும்பம்னு நாம நினைக்கிறோம், அவங்க அன்னைக்கே ஃப்ளாட் சிஸ்டம் வச்சிருந்தாங்க.

அந்த சிஸ்டம்தான் இப்போ வீட்டுக்கு எமனா வந்திருக்கு. 1930கள்ல உலகப் பொருளாதார மந்தம் வந்துது. 1942ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள புகுந்தான். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த சொத்து போச்சு. பிள்ளைங்க படிச்சு சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர், அமெரிக்கான்னு போயிட்டாங்க. வீடு மட்டும் ஊர்ல நிக்குது. மூணு தலைமுறையில ஒரு வீட்டுக்கு முப்பது, நாப்பது பங்காளி சேர்ந்துடறாங்க. ஓடு மாத்தணும்னா எல்லாரும் காசு போடணும், எல்லாரும் ஒத்துக்கணும். ஒருத்தர் டல்லஸ்ல இருப்பார், ஒருத்தர் போனே எடுக்க மாட்டார். ஒரு மழைக்காலம் ஒழுகினா மர உத்தரம் இத்துப் போகும். ரெண்டாவது மழைக்காலத்துல கூரை இறங்கும்.

அப்போதான் வியாபாரி வருவார். பங்காளிங்க நாப்பது பேரும் ஒரே நாள்ல ஒத்துப் போற விஷயம் ஒண்ணே ஒண்ணுதான், வித்துடறது. ரிப்பேருக்கு நாப்பது பேர் வருஷா வருஷம் காசு போடணும். வித்தா நாப்பது பேருக்கும் ஒரே தடவையில காசு வரும். கணக்கு சுலபம். பர்மா தேக்குத் தூண் தனியா, செதுக்கு வேலை நிலை தனியா, பெல்ஜியம் கண்ணாடி தனியா, தரையில பதிச்ச கல் தனியா விலை போகும். காரைக்குடியில முனீஸ்வரன் கோயில் தெருவுல பழம்பொருள் கடைகள் வரிசையா இருக்கு, போனவங்களுக்குத் தெரியும். எனாமல் தூக்கு, ஜாடி, பழைய போட்டோ, சாமி படம்னு சின்ன சாமான் தேடிப் போறவங்க நிறைய. அப்படியே கொஞ்சம் உள்ளே தள்ளிப் பாருங்க. ஆளுயரத்துக்கு மேல கதவு நிலைகள் சுவத்துல சாஞ்சு நிக்கும். ஒவ்வொண்ணும் எங்கேயோ ஒரு வீட்டு வாசலா இருந்தது. அது இப்போ ஏதோ ஊர்ல பண்ணை வீட்டுக்கோ ரெஸ்டாரண்டுக்கோ போகக் காத்துக்கிட்டு இருக்கு.

ஆக, சந்தையில அந்த வீட்டுக்கு ரெண்டு விலை இருக்கு. பிரிச்சா ஒரு விலை, முழுசா நின்னா ஒரு விலை. ரொம்ப காலமா பிரிச்ச விலைதான் இருந்தது. முழுசா நிக்கிற வீட்டுக்கு விலையே இல்லை, செலவுதான். அந்தக் கணக்கை முதல் தடவையா மாத்திக் காட்டினது இந்த ஹோட்டல்கள்தான். காரைக்குடியில 'தி பங்களா' 1999ல ஹோட்டலாச்சு. (அது வளவு வீடு இல்லை, பழைய கிளப் கட்டடம். சாப்பாட்டுக்குப் பேர் போனது.) கானாடுகாத்தான்ல 'விசாலம்' இருக்கு. ஒரு அப்பா தன் பொண்ணு விசாலாட்சிக்காகக் கட்டின வீடு. கோத்தமங்கலம் 'சாரதா விலாஸ்' பிரெஞ்சுக்கார ஆர்க்கிடெக்ட்டுகள் எடுத்துப் புதுப்பிச்சது. கடியாபட்டி 'சிதம்பர விலாஸ்' இன்னொண்ணு. இதுல எதையும் தூண் தூணா வித்திருந்தா டிவிக்காரன் வந்திருக்க மாட்டான். டிவிக்காரன் வராட்டி நாமளும் போயிருக்க மாட்டோம். தூண் இருந்த இடத்துல இருந்தாத்தான் ரூம் வாடகை வரும். இவ்வளவுதான் என் வாதம்.

செட்டிநாட்டு ஊர்கள் 2014ல யுனெஸ்கோவோட தற்காலிகப் பட்டியல்ல சேர்ந்துது. பெருமைதான், இல்லேங்கலை. ஆனா பட்டியல்ல பேர் இருக்கறதால ஒரு ஓடு கூட மாறாது. ஓடு மாத்தறதுக்குக் காசு வேணும்.

"ஏசி, அட்டாச்டு பாத்ரூம், நீச்சல் குளம்லாம் வச்சா அது செட்டிநாட்டு வீடா?"ன்னு கேக்கறவங்களுக்கு ஒரு பதில் கேள்வி. அந்த வீட்டுல எது சார் செட்டிநாடு? மரம் பர்மா. மார்பிள் இத்தாலி. கண்ணாடி பெல்ஜியம். சுவத்து டைல்ஸ் ஜப்பான், இங்கிலாந்து. 1930கள்ல கட்டின வீடுகள்ல அப்போ மேல்நாட்டு ஃபேஷனா இருந்த ஆர்ட் டெக்கோ ஸ்டைல். ரங்கூன்லயும் பினாங்குலயும் கண்ணால பாத்ததைக் கப்பல்ல ஏத்திட்டு வந்து, பொட்டல் காட்டுல வீடாக் கட்டினவங்க அவங்க. வெளியூர்ல பாத்து ஆசைப்பட்டுத்தான் அந்த வீடே பிறந்தது. நாம டிவியில பாத்து ஆசைப்பட்டுப் போறதுல என்ன கேவலம்? ஊர்க்காரங்க சொந்தமா சேத்தது எதுன்னா முட்டை வெள்ளைக்கரு சேத்து இழைச்ச சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடி கல்லு, மழைத் தண்ணியை வளவுல பிடிச்சு மிச்சத்தை ஊருணிக்கு அனுப்பற வடிகால் கணக்கு. டிவி அதையெல்லாம் காட்டறதில்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

அடுத்தது காசு. உண்மைதான், சீசன்ல இந்த ஹோட்டல்கள்ல ஒரு ராத்திரி ஐந்திலக்கத்தைத் தொடும். எல்லாராலும் முடியாது. அதுக்காக விட்டுட வேண்டாம். காரைக்குடி டவுன்ல சாதாரண லாட்ஜ் நிறைய இருக்கு. அங்க தங்கிட்டு, முன்னாடியே சொல்லி வச்சு ஒரு மத்தியானச் சாப்பாட்டை மட்டும் அந்த வீட்டு ஹோட்டல்ல சாப்பிடலாம். ஆத்தங்குடியில பெரிய வீட்டை டிக்கெட் வாங்கிக்கிட்டு உள்ளே போய்ப் பாக்கலாம். அந்த டிக்கெட் காசும் முழுசா நிக்கிற வீட்டுக்குக் கிடைக்கிற காசுதான். சினிமாவுக்கும் சீரியலுக்கும் வாடகைக்கு விடறதும் அதே கணக்குதான். ஷூட்டிங்னு மூக்கைச் சுளிக்காதீங்க. ஏவி.எம். செட்டியார் 1947ல வந்த 'நாம் இருவர்' படத்தையே காரைக்குடியில ஸ்டூடியோ போட்டுத்தான் எடுத்தார். அந்த ஊருக்கு கேமரா புதுசு இல்லை.

ஆனா ஒரு நிபந்தனை உண்டு. டிவி ஒரே ஒரு வீட்டைக் காட்டும். நீங்களும் அந்த ஒரு வீட்டுக்குள்ளயே ரெண்டு நாள் இருந்து, ஊஞ்சல்ல போட்டோ எடுத்துக்கிட்டு, செட்டிநாடு சிக்கன் சாப்பிட்டுத் திரும்பினா அரைப் பிரயோஜனம்தான். ஹோட்டலாகக் கூடியது பத்து, இருபது வீடு. மிச்சம் இருக்கறது ஆயிரக்கணக்குல. அந்த வீடுகளுக்கும் உங்க பர்ஸுல பங்கு இருக்கு.

அதனால என் ப்ளான் இதுதான், பிடிச்சா எடுத்துக்கோங்க. போறது மார்கழி, தை, மாசி. சித்திரை, வைகாசியில போனா ஆத்தங்குடி கல்லு மேல தோசையே சுடலாம். சென்னையில இருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் நேரா காரைக்குடி. ரெண்டு ராத்திரியாவது தங்குங்க. காலையில ஆறரை மணிக்கு எழுந்து கானாடுகாத்தான் தெருவுல காலாற நடங்க. ஒரு வீட்டோட முன்வாசல்ல இருந்து பின்வாசல் வரைக்கும் வெளியே சுத்தி வந்தாத்தான் அதோட நீளம் மண்டையில ஏறும். பூட்டின வீட்டுத் திண்ணையில வாட்ச்மேன் அண்ணன் யாராவது உக்காந்திருப்பார். மரியாதையா கேட்டா சில பேர் திறந்து காட்டுவாங்க. போன தடவை ஒரு பெரியவர் எனக்குத் திறந்து விட்டார். "பாருங்க தம்பி, வருஷத்துக்கு ஒருக்கா படைப்புக்கு எல்லாரும் வருவாக, அன்னிக்கு மட்டும் வளவுல வெளக்கு எரியும்"னார். உள்ளே தரை கண்ணாடி மாதிரி மின்னுது. மேலே பாத்தா ஒரு மூலையில ஆகாயம் தெரியுது. கையில கொடுத்ததை வாங்க மாட்டேன்னு அடம் பிடிச்சு அப்புறம்தான் வாங்கினார்.

மத்தியானம் ஆத்தங்குடி. கண்ணாடித் தட்டு மேல அச்சு வச்சு, கலர் சிமெண்ட்டைக் கரண்டியில ஊத்தி, கையாலேயே டைல்ஸ் பண்றதைப் பாருங்க. சூளையே கிடையாது, தண்ணியில ஊறப் போட்டே உறுதியாக்கறாங்க. அடுத்த நாள் பிள்ளையார்பட்டி. திரும்பும்போது கண்டாங்கிச் சேலை (2019ல புவிசார் குறியீடு வாங்கினது), பனை ஓலையில பின்னின கொட்டான், ஒரு டப்பா சீப்புச் சீடை, கவுனி அரிசி ஒரு கிலோ. இதெல்லாம் எத்தனை வித்தாலும் மறுபடி செய்ய முடியும்.

முனீஸ்வரன் கோயில் தெருவுக்கும் போங்க, வேடிக்கை பாருங்க. எனாமல் கிண்ணம் ஒண்ணு ரெண்டு வேணும்னா வாங்கிக்கோங்க. தூணையும் நிலையையும் மட்டும் வாங்காதீங்க. "ஏற்கெனவே இடிச்ச வீடுதானே, நான் வாங்காட்டி வேற யாராவது வாங்குவான்"னு தோணும். நீங்க கொடுக்கற விலைதான் அடுத்த வீட்டுப் பங்காளிங்க காதுக்குப் போய்ச் சேரும். அதே காசுல அதே ஊர்ல இன்னும் ஒரு ராத்திரி தங்கினா, அந்தச் செய்தியும் அதே காதுக்குத்தான் போகும்.

டிவி பாத்து ஆசைப்படுங்க மக்கா, தப்பே இல்லை. எந்தக் காதுக்கு எந்தச் செய்தி போகணும்னு மட்டும் யோசிச்சு செலவு பண்ணுங்க.

பி.கு: செட்டிநாடு சிக்கன் சாப்பிட்டே தீருவேன்னா சாப்பிடுங்க, நானும் சாப்பிட்டேன். ஆனா ஊர் ஆச்சிமார் கை பக்குவம் தெரியணும்னா வெள்ளைப் பணியாரமும், அரிசி கழனியில வைக்கிற மண்டியும் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்க. டிவியில அது வராது. கலர் கம்மி :-)