கண்ணுக்குத் துணையாக இன்னொரு கண்

மானாம்பதியிலிருந்து 68 வயது அன்பர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "சில மாதங்களாக மலத்துடன் இரத்தம் வருகிறது. மூலம் என்று எண்ணி, வெளியில் சொல்லக் கூசி, பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது மருத்துவர் கொலனோஸ்கோபி செய்துகொள்ளச் சொல்கிறார். கணினி உதவியுடன் செய்யும் புதிய முறை வந்திருப்பதாக மகன் கூறுகிறான். இந்த வயதில் இது தேவைதானா?"

அன்பரே, தேவைதான். மூலத்திலும் இரத்தம் வரும். பெருங்குடல் புற்றுநோயிலும் வரும். இரண்டில் எது என்பதை உள்ளே பார்த்துத்தான் அறிய முடியும்.

பெருங்குடலின் உட்சுவரில் மருவைப் போன்ற சிறு வளர்ச்சிகள் தோன்றுவதுண்டு. இவற்றைப் பாலிப் என்பர். எல்லாம் தீயவை அல்ல. ஆனால் அடினோமா என்னும் வகையைச் சேர்ந்தவற்றுள் சில, பத்து ஆண்டுகள் போல மெல்ல வளர்ந்து புற்றுநோயாக மாறலாம். கொலனோஸ்கோபியின்போதே மெல்லிய கம்பிச் சுருக்கால் இவற்றை அகற்றிவிடலாம். நோயைக் கண்டறியும் சோதனையே நோயைத் தடுக்கும் சிகிச்சையாகவும் அமைவது இதன் சிறப்பு.

உங்கள் ஊருக்கு அருகில் உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். வழிபட வருவோரில் பலருக்கு அது வெறும் சுவர். கல்வெட்டு ஆய்வாளர் சுவரைத் துடைத்து, ஈரத்தாளை ஒற்றி, மை தடவிப் படியெடுத்தபின் எழுத்துகள் துலங்குகின்றன. குடலின் உட்சுவரும் அவ்வாறே. தட்டையான, சிறிய பாலிப்கள் மடிப்புகளுக்கிடையே மறைந்திருக்கும். ஒருவருக்கே அடுத்தடுத்து இருமுறை செய்து பார்த்த ஆய்வுகளில், முதல் முறை ஏறத்தாழ நான்கில் ஓர் அடினோமா தவறிப்போனது தெரிந்தது.

இந்தக் குறையைக் குறைக்கவே புதிய கருவிகள் வந்துள்ளன. திரையில் ஓடும் படத்தைக் கணினியின் செயற்கை நுண்ணறிவு நொடிதோறும் ஆராய்ந்து, ஐயத்துக்குரிய இடத்தைச் சிறு கட்டமிட்டுக் காட்டுகிறது. இத்தாலியில் 685 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், வழக்கமான முறையில் நூற்றுக்கு 40 பேரிடமும், கணினித் துணையுடன் சுமார் 55 பேரிடமும் அடினோமா கண்டறியப்பட்டது. கூடுதலாக அகப்பட்டவை பெரும்பாலும் சிறியவை. 2021இல் அமெரிக்க அரசு இத்தகைய கருவிக்கு முதன்முறையாக அனுமதி அளித்தது.

எனினும் ஒன்றை மறக்கலாகாது. கேமராவின் முன் வருவதையே கணினி காணும். மடிப்புக்குப் பின்னால் இருப்பதும், மலம் மூடியிருப்பதும் அதற்குத் தெரியா. நீர்க்குமிழியைக் கூடப் பாலிப் என்று காட்டிவிடும். முடிவு செய்பவர் மருத்துவரே. அவர் அவசரமின்றி, கருவியை வெளியே எடுக்கும்போது ஆறு நிமிடங்களுக்குக் குறையாமல் பார்த்து வருவது இன்றும் இன்றியமையாதது.

நம் பங்கு குடலைத் தூய்மையாக்குவது. ஏகாதசி விரதம் பழகியவர்களுக்கு முதல் நாள் நீராகாரம் பெரிய பாரமன்று. பேதி மருந்தைச் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் முழுவதும் அருந்துங்கள். மாதுளை, பீட்ரூட் போன்ற சிவப்புச் சாறுகள் வேண்டாம். நீரிழிவு மருந்து, இரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மருந்து, இரும்புச்சத்து மாத்திரை ஆகியவற்றை மருத்துவரிடம் முன்னரே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திரும்பும்போது துணைக்கு மகன் இருக்கட்டும்.

புதிய கருவி எங்கே இருக்கிறது என்று தேடி நாளைக் கடத்த வேண்டாம். தேர்ந்த மருத்துவர் கவனமாகச் செய்யும் வழக்கமான சோதனையே போதிய பயன் தரும். ஒருவேளை நோய் என்று தெரிந்தாலும் அஞ்ச வேண்டாம். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் 1969 முதல் அரசின் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது.

உடம்பை ஆலயமாகக் கருதச் சொன்னவர் திருமூலர். ஆலயத்தில் விரிசல் கண்டால் கூசி மறைப்போமா? உடனே ஸ்தபதியை அழைப்போம். இதையும் அவ்வாறே கருதி, இந்த வாரமே நாள் குறித்துக்கொள்ளுங்கள்.